கிண்டிலில் அப்பா வாங்கிய நூல்கள் யாருக்குச் சொந்தம்?

உங்கள் தந்தையார் பல ஆண்டுகளாகக் கிண்டிலில் காசு கொடுத்துச் சேர்த்த தமிழ் மின்னூல்கள் அவர் மறைவுக்குப் பின் குடும்பத்துக்கு வருமா, அவற்றை உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ள முடியுமா, இனி நூலோ பாட்டோ படமோ வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் பதில் வருத்தம் தருவதுதான். அந்த நூல்கள் சட்டப்படி உங்களுக்கு வரமாட்டா. அவற்றை வேறொருவர் கணக்குக்கு மாற்றிக்கொள்ள, கிண்டிலை நடத்தும் அமேசான் நிறுவனத்தின் விதிகளில் இடமில்லை. மூன்றாவது கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

காரணங்களுக்குள் போகுமுன், தாமதித்தால் கைநழுவிவிடக்கூடிய சிலவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தந்தையாரின் கிண்டில் கருவியைப் பேரப்பிள்ளைகளுக்காவது பயன்படட்டும் என்று எண்ணி அவருடைய கணக்கிலிருந்து பிரித்துவிடாதீர்கள். ஃபேக்டரி ரீசெட்டும் செய்ய வேண்டாம். இரண்டில் எதைச் செய்தாலும் கருவியில் இறங்கியிருக்கும் நூல்கள் அழிந்துவிடும். கருவியை ஏரோபிளேன் மோடில் வைத்து, யூஎஸ்பி கேபிளால் கணினியுடன் இணைத்துப் பாருங்கள். டாக்குமெண்ட்ஸ் என்ற ஃபோல்டருக்குள் 'மை கிளிப்பிங்ஸ்' என்று ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். அந்தக் கருவியில் படிக்கும்போது அவர் அடிக்கோடிட்ட வரிகளும் தட்டச்சு செய்த குறிப்புகளும் அதில் வரிசையாகப் பதிந்திருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் நூலின் பெயர், ஆசிரியர் பெயர், நூலில் எந்த இடம், எந்த நாள், எத்தனை மணிக்கு என்பது வரை இருக்கும். சில பதிப்பாளர்கள் ஒரு நூலிலிருந்து இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு வைத்திருப்பதால், அடிக்கோடிட்ட வரிகள் சில விடுபட்டிருக்கலாம். அவரே எழுதிய குறிப்புகள் அவருடைய எழுத்து. அவற்றின் பதிப்புரிமை வாரிசுகளான உங்களையே சேரும். நூல்கள் வராத இடத்தில் குறிப்புகள் வருகின்றன என்பதால், அந்தக் கோப்பை இன்றே இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். கைபேசிச் செயலியில் அவர் படித்துக் குறித்தவை இந்தக் கோப்பில் இரா. அவற்றை அவருடைய கணக்கின் நோட்புக் பக்கத்தில் பார்க்கலாம். கணக்கைத் திறக்க வேண்டிய ஓடிபி அவருடைய கைபேசி எண்ணுக்கே வரும் என்பதால், இந்த வேலைகள் முடியும்வரை அந்த சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். நிறுவனத்துக்கு இறப்புச் சான்றிதழை அனுப்பிக் கணக்கை மூடச் சொல்வதை எல்லாவற்றுக்கும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, அச்சு நூல் வாரிசுக்கு வரும்போது மின்னூல் மட்டும் ஏன் வராது என்பதைப் பார்க்கலாம். அச்சு நூலைப் பொறுத்தவரை இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) தெளிவாக இருக்கிறது. ஒரு நூலின் படிகளைப் பொதுமக்களுக்கு வெளியிடும் உரிமை பதிப்புரிமையாளருக்கே உண்டு என்று சொல்லும் 14ஆம் பிரிவு, ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட படிகளுக்கு அது பொருந்தாது என்றும் சேர்த்தே சொல்கிறது. நீங்கள் வாங்கிய படியை இரவல் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம், மகளுக்குச் சீதனமாகவே கொடுக்கலாம். எழுதியவரோ பதிப்பித்தவரோ குறுக்கே வர முடியாது. அமெரிக்காவில் இதே கொள்கையை 1908இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் தன் நாவல் ஒன்றில், இதை ஒரு டாலருக்குக் குறைவாக யாரும் விற்கக் கூடாது, விற்றால் பதிப்புரிமை மீறலாகும் என்று அச்சடித்திருந்தது. நியூயார்க்கின் மேசிஸ் கடை அதை 89 சென்டுக்கு விற்றது. வழக்குப் போட்ட பதிப்பகம் தோற்றது. ஒரு படியை விற்றுவிட்ட பிறகு அந்தப் படி அடுத்தடுத்து என்ன விலைக்குக் கைமாற வேண்டும் என்று ஆணையிடப் பதிப்புரிமை இடம் தருவதில்லை என்று நீதிமன்றம் சொன்னது. உலகெங்கும் பழைய புத்தகக் கடைகளும், வாடகை நூலகங்களும், ஒரே நூலைத் தெருவே படித்து முடிக்கும் நம் ஊர் வழக்கமும் இந்த வகைக் கொள்கையின் நிழலில்தான் நிற்கின்றன.

மின்னூலுக்கு இந்தக் கொள்கை பொருந்தாமல் போனதற்கு அதன் தன்மையே காரணம். அச்சு நூலை உங்களுக்குக் கொடுத்துவிட்டால் என் கையில் ஒன்றும் மிஞ்சாது. மின்கோப்பை அனுப்பினாலோ உங்கள் கருவியில் புதிதாக ஒரு படி பிறக்கிறது. படியெடுக்கும் உரிமை ஆசிரியரிடமே இருக்கிறது. பழைய பாடல் கோப்புகளை மறுவிற்பனை செய்ய முயன்ற ரீடிஜி என்ற அமெரிக்க நிறுவனம், விற்பவரின் கணினியிலிருந்து கோப்பை அழித்துவிட்டுத்தான் வாங்குபவருக்குக் கொடுக்கிறோம் என்று வாதாடியது. அப்படி மாற்றும்போதும் புதிய படி உண்டாகிறது என்று சொல்லி 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிராகரித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012இல் கணினி மென்பொருளின் மறுவிற்பனையை அனுமதித்திருந்ததால், மின்னூலுக்கும் அந்தச் சலுகை கிடைக்கும் என்று பலர் நம்பினார்கள். 2019 டிசம்பரில், பழைய மின்னூல் விற்ற டாம் கேபினெட் என்ற நெதர்லாந்து நிறுவனத்தின் வழக்கில் அதே நீதிமன்றம் மாறாகத் தீர்ப்பளித்தது. பழைய அச்சு நூல் தேய்ந்து கிழியும், மின்னூலோ எத்தனை கை மாறினாலும் புதிதாகவே இருக்கும், ஆகவே அதன் மறுவிற்பனை ஆசிரியரின் வருவாயை அச்சு நூலைவிட அதிகம் பாதிக்கும் என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களுள் ஒன்று. எழுத்தாளர் பக்கம் நின்று பார்த்தால் இதில் நியாயம் இருப்பதை மறுக்க மாட்டேன்.

நியாயம் இல்லாதது வேறோர் இடத்தில் இருக்கிறது. படி பெருகக் கூடாது என்ற கவலையைத் தாண்டி, காசு வாங்கிக்கொண்டு கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தையும் விற்பவர்கள் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். கிண்டிலின் பயன்பாட்டு விதிகளைப் படித்தால், நூல் உங்களுக்கு விற்கப்படவில்லை, படிக்கும் உரிமம்தான் வழங்கப்படுகிறது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். ஆப்பிளின் நிலையும் இதுதான். மறைந்தவரின் கணக்கைத் திறக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் லெகசி கான்டாக்ட் வசதியை அந்நிறுவனம் 2021இல் கொண்டுவந்தது. அதன் வழியாக அவருடைய புகைப்படங்களும் கோப்புகளும் குடும்பத்துக்குக் கிடைக்கும். அவர் விலை கொடுத்து வாங்கிய பாடல், படம், நூல் எதுவும் கிடைக்காது.

இந்த அதிகாரம் ஏட்டளவில் மட்டும் இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். 2009 ஜூலையில், பலருடைய கிண்டில் கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய இரு நூல்களும் ஒரே இரவில் மறைந்தன. அமெரிக்காவில் உரிமை இல்லாத ஒரு நிறுவனம் அவற்றைப் பதிவேற்றி விற்றிருந்தது; அமேசான் விற்பனையை நிறுத்தியதோடு நில்லாமல், விற்றுமுடித்த படிகளையும் தொலைவிலிருந்தே அழித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஒரு பள்ளி மாணவர் பாடத்துக்காக நூலில் எழுதிவந்த குறிப்புகள் அதோடு சேர்ந்து பயனற்றுப் போயின. பிறகு அமேசானின் தலைவர் ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மைக்ரோசாஃப்ட் 2019 ஏப்ரலில் தன் மின்னூல் கடையை மூடுவதாக அறிவித்தது; அந்த ஜூலையில் எல்லாருடைய நூல்களும் திறக்காமல் போயின. முழுப் பணமும் திரும்பக் கிடைத்தது. நூலில் குறிப்பெழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் தந்தார்கள். நேர்மையாக நடந்துகொண்டார்கள் என்று சிலர் பாராட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் பென்சிலால் குறிப்பெழுதிய என் நூலை, விலையைக் கையில் திணித்துவிட்டு ஒருவர் அலமாரியிலிருந்து எடுத்துப் போனால், அவருக்கு நன்றி சொல்ல என் மனம் ஒப்பாது.

2023 டிசம்பரில் சோனி, பிளேஸ்டேஷன் வழியாகப் பணம் கொடுத்து வாங்கிய டிஸ்கவரி தொடர்கள் ஆண்டு இறுதியோடு நீங்கிவிடும் என்று அறிவித்தது. தொடர்களின் 1,300க்கும் மேற்பட்ட பருவங்கள் (சீசன்கள்) அந்தப் பட்டியலில் இருந்தன. எதிர்ப்பு வலுத்ததும் உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டு அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. 2024 மார்ச்சில் யூபிசாஃப்ட் தன் கார் பந்தய விளையாட்டு ஒன்றின் சர்வர்களை நிறுத்தியபோது, முழு விலை கொடுத்து வாங்கியவர்களும் அதை இழந்தார்கள். இவற்றைக் கண்டுதான் கலிபோர்னியா மாநிலம், உரிமத்தை மட்டும் கொடுப்பவர்கள் அதை வாங்குபவருக்குப் புரியும்படி முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. விற்ற கடையின் உதவியோடுதான் திறக்கும்படி கோப்பில் இடும் மின்பூட்டு இல்லாமல், இணையம் தேவையின்றி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி கோப்பைக் கொடுப்பவர்களுக்கு அந்தச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. நம் நாட்டிலும் அப்படி ஒரு விதி வர வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

அந்த விலக்குக்குள்தான் வாங்குபவருக்கு வேண்டிய செய்தி அடங்கியிருக்கிறது. நம் நாட்டு அனுபவம் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளிப்கார்ட் 2012இல் ஃபிளைட் என்ற பெயரில் பாடல்களை எம்பி3 கோப்புகளாக விற்கத் தொடங்கி, 2013இலேயே கடையை மூடிவிட்டது. ஆனால் அவை பூட்டில்லாத கோப்புகள். குறித்த கெடுவுக்குள் இறக்கிக்கொண்டவர்களிடம் அந்தப் பாடல்கள் இன்றும் இருக்கும். எந்தப் பிளேயரிலும் பாடும், பென்டிரைவில் போட்டால் காரிலும் பாடும். கடை போனாலும் சரக்கு போகவில்லை. மைக்ரோசாஃப்டின் வாடிக்கையாளருக்குப் பணம் திரும்பியது, நூல் போனது. ஃபிளைட்டின் வாடிக்கையாளருக்குப் பாடல் தங்கியது. இந்த வேறுபாட்டை உண்டாக்கியது டிஆர்எம் எனப்படும் மின்பூட்டு ஒன்றுதான். ஆகவே எதை வாங்கினாலும் நான் முதலில் பார்ப்பது விலையையோ தள்ளுபடியையோ அன்று. இந்தக் கோப்பு அந்தக் கடையின் உதவியில்லாமல் திறக்குமா என்பதைத்தான்.

பூட்டை உடைத்துக்கொள்ளலாமே என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு அப்படிப்பட்ட பூட்டை உடைப்பது ஈராண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். சட்டம் தடுக்காத நோக்கங்களுக்கு அதே பிரிவில் விதிவிலக்கு உண்டு என்றாலும், அதை நம்பி இறங்குவதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொள்வதே முறை. அத்துடன், கிண்டில் நூல்களைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26 முதல் நீக்கிவிட்டது. போகப் போகக் கதவுகள் மூடிக்கொண்டுதான் வருகின்றன.

இதனால் மின்னூலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்பார்வை மங்கியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பதற்கு அச்சு நூலில் வழியில்லை. டொராண்டோவிலோ ஆக்லாந்திலோ இருப்பவருக்குச் சென்னையிலிருந்து ஒரு நாவலை வரவழைத்தால், தபால் செலவு நூலின் விலையைத் தாண்டிவிடும். 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் நூல்களுக்கு முறையாக இடம் கிடைத்த பிறகு, பதிப்பாளர் கிடைக்காமல் கைப்பிரதியாகவே கிடந்த பல நூல்கள் வாசகரை எட்டின. அச்சில் தீர்ந்துபோன நூல்கள் மீண்டும் கிடைத்தன. உங்கள் தந்தையார் இருநூறு, முந்நூறு நூல்களைச் சேர்த்தது வீண் செலவு என்று ஒருபோதும் எண்ண வேண்டாம். அவர் படித்தார், அதற்குத்தான் அந்தப் பணம். ஒருமுறை படித்து முடிக்கும் துப்பறியும் நாவல், பயணத்தில் புரட்டும் கட்டுரைத் தொகுப்பு, அச்சில் கிடைக்காதது ஆகியவற்றை மின்னூலாக வாங்குவதில் தயக்கமே வேண்டாம். திரும்பத் திரும்ப எடுக்க வேண்டிய அகராதி, உரை நூல், பிள்ளைகள் ஒரு நாள் தாமாக அலமாரியிலிருந்து எடுத்துப் படிக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படும் நூல் ஆகியவற்றை அச்சில் வாங்குங்கள். பூட்டிட்ட மின்னூலின் விலை அச்சு நூலின் விலையை நெருங்கிவிட்டால், நான் எப்போதும் அச்சு நூலையே வாங்குவேன்.

தமிழ் வாசகருக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் அவருடைய எழுத்து பொதுச்சொத்தாகிவிடும்; இதற்கு மேல், தமிழ்நாடு அரசு பலருடைய எழுத்துகளைக் கெடுவுக்கு முன்பே நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனையும் 1954இல் மறைந்த கல்கியையும் படிக்க யாருடைய உரிமமும் வேண்டியதில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் ஒவ்வொரு பக்கமாகத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் உருவாக்கிய நூற்றுக்கணக்கான தமிழ் நூல்களைப் பூட்டில்லாமல் வழங்குகிறது. பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களும் அங்கே இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்திலும் இவ்வாறே இறக்கிக்கொள்ளலாம். தந்தையாரின் பட்டியலில் இத்தகைய நூல்கள் கணிசமாக இருக்கக்கூடும். பட்டியலைப் படியெடுத்து இந்தத் தளங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவருடைய நூலகத்தின் ஒரு பகுதியையாவது சட்டத்துக்கு உட்பட்டே மீட்டுக்கொள்ளலாம்.

பாடல்களைப் பொறுத்தவரை நிலைமை சற்றே மேல். ஐடியூன்ஸ் கடையில் விற்கும் பாடல்களுக்கு ஆப்பிள் 2009இலேயே பூட்டை நீக்கிவிட்டது. இசைக் கலைஞர்கள் தம் பாடல்களை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்கினால் எம்பி3யாகவோ, ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாகவோ இறக்கிக்கொள்ளலாம். மாதச் சந்தா கட்டிக் கேட்பதை வாங்குவது என்று எண்ணக் கூடாது. பாடல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் முறிந்தால் பட்டியலில் பெயர் மங்கி நிற்கும், பாட்டு ஒலிக்காது. 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபையிலிருந்து ஜீ மியூசிக்கின் பாடல்கள் இப்படித்தான் விலகின. வீட்டில் முதியவர்கள் இருந்தால், சரிகம நிறுவனத்தின் கார்வான் போன்ற கருவியை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதன் தமிழ்ப் பதிப்பில் 5,000 பாடல்கள் கருவிக்குள்ளேயே பதிந்திருக்கின்றன. இணையம் வேண்டாம், கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். அதை யார் கையில் கொடுத்தாலும் பாடல்களும் கூடவே போகும்.

திரைப்படங்களில்தான் நாம் பெரும்பாலும் வழியற்று நிற்கிறோம். 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்றபோது, மளிகைக் கடையில்கூடத் தமிழ்ப் படம் வாங்க முடிந்தது. இன்று புதிய தமிழ்ப் படங்கள் வட்டில் வருவது அரிதாகிவிட்டது. ஓடிடி செயலியில் 'டவுன்லோட்' செய்து வைப்பது பயணத்துக்கு உதவும், அவ்வளவே. சில நாட்களில் காலாவதியாகிவிடும், வேறு பிளேயரில் திறக்காது. பழைய வட்டுகள் வீட்டில் இருந்தால் பரணில் வெயில் படும் இடத்திலும் ஈரத்திலும் போட்டு வைக்காமல், உறையில் இட்டு நிமிர்த்தி வையுங்கள்; கீறல் விழாதவற்றை இப்போதே ஒருமுறை ஓட்டிச் சோதித்துக்கொள்வது நல்லது.

பூட்டில்லாத கோப்பை வாங்கிவிட்டால் வேலை முடிந்துவிடாது. அதைக் காப்பது இனி உங்கள் பொறுப்பு. கணினியில் ஒன்று, வெளி ஹார்ட்டிஸ்கில் ஒன்று என இரண்டு படிகளாவது இருக்க வேண்டும். எந்த வடிவத்தில் வைக்கிறோம் என்பதும் முக்கியம். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறை பரவலாகும் முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கட்டுரைகளை இன்று திறந்தால், தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தெரிகின்றன. மதுரைத் திட்டத்தாரே தொடக்க காலத்தில் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் இட்ட நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. தந்தையார் தாமாக ஏதேனும் எழுதி வைத்திருந்து, அது பழைய எழுத்துருவில் இருந்தால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளைக் கொண்டு யூனிகோடாக மாற்றிவிடுங்கள். நூல்களை யூனிகோடில், இபப் என்ற மின்னூல் வடிவத்தில் வைத்திருப்பது நல்லது. பிடிஎஃபை விடச் சிறிய திரையில் படிக்க வசதி, எழுத்தளவையும் மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, வாங்கும் முன் எழுத்தாளரையோ பதிப்பாளரையோ ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தமிழில் எழுதுபவர்கள் பலர் தாமே மின்னூல் வெளியிடுகிறார்கள், தொடர்புகொள்வது கடினமன்று. கிண்டிலில் நூலைப் பதிவேற்றும் பக்கத்திலேயே பூட்டு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி வருகிறது. திருட்டுக்கு அஞ்சி அவர்களில் பலர் வேண்டும் என்று குறித்துவிடுகிறார்கள். காசு கொடுத்த வாசகரின் பிள்ளைகளுக்கு அந்த நூல் போய்ச் சேராது என்பதை யாரும் அவர்களிடம் எடுத்துச் சொன்னதில்லை. நேரடியாகப் பணம் செலுத்தினால் இபப் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவீர்களா என்று கேளுங்கள். இடைத்தரகு இல்லாததால் அவருக்கும் கூடுதலாகக் கிடைக்கும், உங்களிடமும் நூல் தங்கும்.